கடைத்தெருவில் நம் சங்கத்தின் இடம்

கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனை நிலையம் எங்கே அமையவேண்டும் என்னும் கேள்வி, நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அரைமணி நேரத்திற்குள் தீர்த்துவிடக்கூடிய சிறு கேள்வியாகவே பல சங்கங்களில் கருதப்பட்டு வருகிறது. மனை எங்கே எளிதில் கிடைக்கிறது, வண்டி வந்து நிற்க வசதி உண்டா, பெயர்ப்பலகை தொலைவிலிருந்து தெரியுமா என்னும் மூன்றையும் பார்த்துவிட்டால் போதும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் நெசவாளியின் கைக்கு வந்து சேரும் கூலியும், உழவரின் விளைபொருளுக்குக் கிடைக்கும் விலையும், கடை இருக்கும் தெரு எத்தகையது என்பதைப் பொறுத்தும் அமைகின்றன என்பது நம் அபிப்பிராயம். அதனைத் திருப்புட்குழியையும் காஞ்சியையும் முன்வைத்து அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

திருப்புட்குழி, காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையை அடுத்து அமைந்த ஊர். விஜயராகவப் பெருமாளும் மரகதவல்லித் தாயாரும் எழுந்தருளியுள்ள திவ்விய தேசம். புள்ளரசனாகிய ஜடாயுவுக்கு இராமபிரான் இறுதிக்கடன் ஆற்றிய இடம் என்பது தலவரலாறு. யாதவப் பிரகாசரிடம் இராமாநுசர் இளமையில் பாடம் கேட்டது இவ்வூரில்தான் என்றும் பெரியோர் கூறுவர். பக்கத்தில் நெடுஞ்சாலைமேல் இருப்பது பாலுசெட்டிசத்திரம். சத்திரம் என்னும் பெயரே நமக்கு ஒரு செய்தியைச் சொல்லுகிறது. நடந்தும் மாட்டுவண்டியிலும் சென்ற வழிப்போக்கர்கள் தங்கி, உண்டு, ஊராரோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போன சாலை அது. அன்று அந்தச் சாலையே கடைத்தெருவாகவும் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

இன்றைய நிலை வேறு. முன்னர் 4 என்றும் இப்போது 48 என்றும் எண்ணிடப்பட்டுள்ள அந்த நெடுஞ்சாலையில், நடுவே தடுப்புச் சுவரும் இருபுறமும் விரைந்தோடும் வாகனங்களுமாக, இந்தப் பக்கத்தில் இருப்பவர் அந்தப் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டால் காதில் விழாத நிலை வந்துவிட்டது. ஆயினும், “சாலையோரத்தில் ஒரு பெரிய காட்சிக்கூடம் கட்டிவிட்டால் பெங்களூர் செல்லும் கார்களெல்லாம் நின்று நம் சேலையை வாங்கிச் செல்லும்” என்னும் பேச்சை நெசவாளர் சங்கங்களில் நாம் அடிக்கடி கேட்கிறோம். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் பேச்சுத்தான். எனினும் ஒரு சிறு கணக்கை இங்கே போட்டுப் பார்ப்பது நல்லது.

நடந்து செல்பவர் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் செல்லுகிறார். அதாவது ஒரு நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். 5 மீட்டர் அகலமுள்ள ஒரு கடையைக் கடக்க அவருக்கு மூன்று நொடிக்கு மேல் ஆகிறது. அந்த மூன்று நொடியில் கொடியில் தொங்கும் சேலையின் நிறத்தைப் பார்க்கிறார், உள்ளே இருக்கும் விற்பனையாளரின் முகத்தைப் பார்க்கிறார், அறிமுகமானவராயின் தலையசைக்கிறார், நின்றாலும் நின்றுவிடுகிறார். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காருக்கோ ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். அதே கடை அதற்குத் தெரியும் நேரம் கால் நொடிக்கும் குறைவு. ஆகவே நெடுஞ்சாலைக் கடைக்கு வேண்டியது சேலையின் அழகன்று. பனைமர உயரத்தில் ஒரு விளம்பரப் பலகை, இரவெல்லாம் எரியும் விளக்கு, பத்துக் கார்கள் நிற்கும் மைதானம். இவற்றிற்கெல்லாம் முதலீடு செய்ய வல்லவர் பெரிய தனியார் வணிகரே. 6 கஜப் பட்டின் கரையிலே நெசவாளி காட்டியிருக்கும் நுட்பத்தைப் பலகையில் எழுதிக் காட்டுவது எப்படி?

இனிக் காஞ்சிக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகள் நிறைந்த வீதி காந்தி சாலை. வெளியூரிலிருந்து மகளின் திருமணத்திற்குப் பட்டெடுக்க ஒரு குடும்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் இருவர், பெண்கள் மூவர், கைக்குழந்தை ஒன்று. அந்தச் சாலையில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அவர்கள் நடந்து பார்க்க முடியுமா? நடைபாதையில் இருசக்கர வாகனங்கள், சாலையில் பேருந்தும் வேனும் ஆட்டோவும், நிழலுக்கு மரமில்லை, உட்காரத் திண்ணையில்லை. அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? வண்டியிலேயே இருந்துகொண்டு, “நல்ல கடையாகப் பார்த்து விடப்பா” என்று ஓட்டுநரிடம் சொல்லுகிறார்கள். அந்தக் கணமே வியாபாரம் தரகர் கைக்குப் போய்விடுகிறது.

கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் காத்திருந்து, வருவோரைத் தனக்குக் கமிஷன் கொடுக்கும் கடைக்கு அழைத்துச் செல்லும் வழக்கத்தைக் காஞ்சியில் அறியாதார் இல்லை. அக்கமிஷன் எங்கிருந்து வருகிறது? வாங்குபவர் கொடுக்கும் விலையிலிருந்தோ, நெய்பவர் பெறும் கூலியிலிருந்தோ, இரண்டிலிருந்துமோ வரவேண்டும். வேறு ஊற்று அதற்கு இல்லை. நம் சங்கங்களோ தரகுக் கமிஷன் கொடுக்க முடியாதவை. தணிக்கைக்கு உட்பட்ட பதிவேட்டில் அதற்குத் தலைப்பு ஏது? அது நம் சங்கங்களின் பெருமை. ஆனால் அதே காரணத்தால் தரகர்கள் ஒருவரையும் சங்கத்தின் வாசலுக்குக் கொண்டுவருவதில்லை. போதாக்குறைக்குச் சங்கம் என்று தோன்றும்படி பெயர்ப்பலகை எழுதிக்கொண்டு வாங்குவோரை மயக்கும் தனியார் கடைகளும் உண்டு. நடக்க முடியாத தெருவிலே தரகருக்குத்தான் வாழ்வு. பத்துக் கடை ஏறி இறங்கி, விலை கேட்டு, எடை பார்த்து, ஜரிகையைத் திருப்பிப் பார்த்து வாங்கும் வசதி ஒரு தெருவில் இருக்குமானால், அதனால் மற்றெவரையும்விட மிகுந்த பயன் அடைவது கூட்டுறவுச் சங்கமே.

ஆகவே நடைபாதை, நிழல், திண்ணை என்று நாம் பேசுவதைப் பட்டணத்துப் பொழுதுபோக்கு என்று அங்கத்தினர்கள் எண்ணிவிடக் கூடாது.

நல்ல கடைத்தெரு என்பது நமக்குப் புதிதும் அன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊர் எடுத்த காதையில் புகார் நகரத்தின் வருணனை வருகிறது. மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் நடுவே, சோலை மரங்களின் அடிகளையே தூண்களாகக் கொண்டு நாளங்காடி நடந்ததாக இளங்கோவடிகள் கூறுகிறார். பட்டிலும் பருத்தியிலும் நெய்யும் காருகர் வாழ்ந்த இடம் மருவூர்ப்பாக்கம். மதுரைக் காஞ்சி நாளங்காடியோடு அல்லங்காடியையும் காட்டுகிறது. பகலில் ஒரு கூட்டம், இரவில் ஒரு கூட்டம், தலைக்குமேல் நிழல், பல தொழிலாளரும் அடுத்தடுத்து இருக்கும் வீதி என இக்காலத்து நகரமைப்பு அறிஞர்கள் கேட்பவை பெரும்பாலும் அங்கே இருந்தன.

இன்னும் அருகே வந்தால், நம் நெசவுத் தெருக்களே போதிய சான்று. பிள்ளையார்பாளையத்தில் அதிகாலையில் தெருவின் நீளத்திற்குப் பாவை நீட்டிக் கஞ்சி போடும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் முடியவேண்டிய வேலை. ஒரு வீட்டாரால் மட்டும் ஆகாத வேலை. பக்கத்து வீட்டார் கைகொடுக்க வேண்டும். எதிர்வீட்டார் தம் வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டும். அறுந்த இழையைப் பார்த்தவர் சொல்லவேண்டும். அந்த ஒரு மணி நேரத்திற்குள் கூலி உயர்வு, சங்கத் தேர்தல், எந்த வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் பேசப்பட்டுவிடும். தெரு தொழிற்கூடமாக இருந்தது. அதனால் மன்றமாகவும் இருந்தது. எந்த நேரமும் வண்டிகள் ஓடத் தொடங்கிய தெருக்களில் பாவு நீட்ட இடமில்லை. பேச்சும் வீட்டிற்குள் போய்விட்டது.

அமெரிக்க நாட்டில் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் பெண்மணி 1961ஆம் ஆண்டு பெருநகரங்களின் வாழ்வையும் சாவையும் பற்றி ஒரு நூல் எழுதினார். தெருவைப் பார்க்கும் கண்கள் மிகுதியாக இருந்தால் தெரு பாதுகாப்பாக இருக்கும். கடைக்காரரும் வீட்டாரும் ஓயாது பார்த்துக்கொண்டிருக்கும் தெருவில் குழந்தையும் பெண்ணும் அச்சமின்றி நடக்கலாம் என்பது அவர் கருத்து. நம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி இந்த வேலையைத்தான் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார். சம்பளம் மட்டும் யாரும் கொடுத்ததில்லை.

டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் என்னும் கடைத்தெருவை 1962ஆம் ஆண்டு நவம்பரில் வாகனங்களுக்கு மூடினார்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள தெரு. கார் வராவிட்டால் வாங்குவோர் வரமாட்டார்கள் என்று வணிகர்கள் கூச்சலிட்டார்கள். வெளியே உலாவிப் பேசுவது தென்னாட்டார் பழக்கம், குளிர்நாட்டாராகிய நமக்கு ஒவ்வாது என்றும் சிலர் வாதித்தார்கள். நடந்ததோ மாறானது. மக்கள் நடக்க வந்தார்கள், நின்றார்கள், வாங்கினார்கள். சோதனையாகத் தொடங்கியது நிலைத்துவிட்டது. இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த யான் கேல் என்னும் கட்டடக்கலை வல்லுநர், குறுகிய முகப்புகளும் பல வாயில்களும் உள்ள கடைகள் தெருவுக்கு உயிர் தருகின்றன, நீண்ட வெறுஞ்சுவர் தெருவைச் சாகடிக்கிறது என்று எழுதினார். பல சங்கக் கட்டடங்களின் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் இதைப் படிக்கையில் நம் கண்முன் வந்தன.

நம் மாநிலத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பஜாரில், சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ், நடைபாதைகளை அகலமாக்கி, இருக்கைகள் இட்டு, சாலையைக் குறுக்கி, 2019 நவம்பரில் திறந்து வைத்தார்கள். வாகனம் இன்னும் ஓடுகிறது. ஆனால் முதன்மை நடப்பவருக்கு. மாலையில் அங்கே குழந்தைகள் ஓடுவதையும் முதியவர்கள் உட்கார்ந்திருப்பதையும் காணலாம். ஆனால் அதற்குமுன், 2013ஆம் ஆண்டில், அங்கே நடைபாதையில் கடை விரித்திருந்தோரை மாடிகள் கொண்ட ஒரு வணிக வளாகத்திற்கு மாற்றியிருந்தார்கள். மாடியேறி வாங்குவார் குறைவு என்பது அவ்வியாபாரிகளின் குறையாக இருந்துவந்தது. தெருவை அழகுபடுத்தும்போது தெருவில் பிழைப்பவரை மேலே அனுப்பிவிட்டால், இருக்கை இருக்கும். பேச்சுக்கு ஆள் குறைந்துவிடும். பூக்காரியிடம் ஒரு முழம் பூ வாங்க நிற்கிறவர்தான் பக்கத்துக் கடையையும் பார்க்கிறார். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்திற்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்கவேண்டும் என்று விதித்திருப்பது இதனை உணர்ந்துதான் போலும்.

அதே தியாகராய நகரில் இரங்கநாதன் தெருவும் இருக்கிறது. யாரும் திட்டமிடாமலேயே வாகனம் நுழைய முடியாத தெரு. ஆனால் பண்டிகைக் காலத்தில் அங்கே மனிதர் மனிதரோடு பேசுவதில்லை, மோதிக்கொள்ளுகிறார்கள். கூட்டம் வேறு, கூட்டுறவு வேறு.

இவற்றையெல்லாம் கொண்டு திருப்புட்குழி போன்ற ஊர்களுக்கு நாம் சொல்லவருவது யாதெனில்: சங்கத்தின் கடை நெடுஞ்சாலைக்குப் போகவேண்டாம், ஊர் நடக்கும் தெருவிற்கு வரட்டும். அதுவும் தனியே வரவேண்டாம். பட்டுச்சேலை ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வாங்கும் பொருள். அதனை மட்டும் விற்கும் தெரு எவ்வளவு சிங்காரித்தாலும் பாதி நாள் உறங்கிக்கொண்டுதான் இருக்கும். பால், காய்கறி, எண்ணெய், அரிசி ஆகியவையே மனிதர்களை நாள்தோறும் வீட்டைவிட்டு வெளியே கொண்டுவருபவை. இவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே கூட்டுறவின் கையில் இருக்கின்றன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பால் உற்பத்தியாளர் சங்கத்திற்கு விடியற்காலையும் மாலையும் ஆட்கள் வருகிறார்கள். தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்திற்கு உரத்துக்கும் கடனுக்கும் உழவர்கள் வருகிறார்கள். தமிழ்நாட்டின் நியாய விலைக் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. அங்கே வராத குடும்பம் அரிது. ஆயினும் பல ஊர்களில் பால் சங்கம் ஒரு மூலை, கடன் சங்கம் ஒரு மூலை, ரேஷன் கடை ஊருக்கு வெளியே, நெசவாளர் சங்கம் பூட்டிய கதவுக்குப் பின்னால் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனி மனையில் தனித்தனிச் சுவர் எழுப்பிக்கொண்டு, கூட்டுறவு என்னும் சொல்லை வாயிற்பலகையில் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

இவை நான்கும் ஒரே தெருவில் அடுத்தடுத்து அமைந்தால் எப்படி இருக்கும் என்று அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்கட்டும். சன்னிதித் தெரு அதற்கு ஏற்ற இடம். ஒருபுறம் கோயில், தாயாரிடம் பிள்ளைவரம் வேண்டியும் பெருமாளைச் சேவிக்கவும் வெளியூரார் வந்துகொண்டே இருக்கிறார்கள். பால் ஊற்ற வந்தவர் சேலைக் கடைத் திண்ணையில் உட்காருகிறார். வரம் வேண்டி வந்த பெண்மணி, பக்கத்து நிலத்தில் பறித்த கத்தரிக்காயை உழவர் கையிலிருந்தே வாங்குகிறார். 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, விளைவிப்பவரும் உண்பவரும் இடையில் ஒருவரின்றி நேருக்குநேர் நிற்கமுடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. நெசவுக்கு அந்த நேருக்குநேர் இன்னும் வாய்க்கவில்லை.

கடையின் முகப்பிலே ஒரு தறி ஓடவேண்டும் என்பதையும் நாம் வற்புறுத்துவோம். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் வைத்து, மூன்று நாடாக்களைக் கொண்டு, பக்கத்தில் ஓர் உதவியாளும் இருந்து நெய்யும் வேலையைத் தெருவில் போவோர் பார்க்கவேண்டும். பார்த்தவர் விலையைப் பற்றிக் கேட்கும் கேள்வியே மாறிவிடும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பவர்களுக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை. 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது சட்டத்தின் காவல். தறியின் ஓசை கண்ணும் காதும் உள்ளவர்க்கெல்லாம் காவல்.

இதற்கு மறுப்பும் உண்டு. பட்டு வாங்குவோர் காரில்தானே வருகிறார்கள், காரை எங்கே நிறுத்துவது என்று கேட்பார்கள். நெடுஞ்சாலையை ஒட்டி நிறுத்தட்டும். அங்கிருந்து நானூறு மீட்டர் நடக்க ஐந்து நிமிடம். நடக்க இயலாத முதியவர்க்கு ஒரு சிறு வண்டி வைக்கலாம். திருப்பதி மலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிற நம் மக்கள், இருபுறமும் வேம்பும் புங்கமும் நிழல் தரும் தெருவில் ஐந்து நிமிடம் நடக்க மறுக்கமாட்டார்கள். மற்றொரு மறுப்பு பணத்தைப் பற்றியது. மரம் நடவும், சாக்கடையை மூடவும், பெண்களுக்குக் கழிப்பிடம் கட்டவும் ஊராட்சியின் பணம் வேண்டும். அதற்குக் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. கழிப்பிடத்தை நாம் வேண்டுமென்றே இங்கே சேர்த்தோம். அது இல்லாத கடைத்தெருவில் பெண்கள் அரைமணிக்குமேல் தங்கமாட்டார்கள். சேலை வாங்குபவரோ பெண்கள்.

கூட்டுறவின் தொடக்கமே தெருவில்தான். 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், டோட் சந்து என்னும் சிறு தெருவில், நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் சேர்ந்து வெண்ணெய், சர்க்கரை, மாவு என்று சில பண்டங்களோடு ஒரு கடை திறந்தார்கள். தெருவில் போனவர்கள் எள்ளி நகையாடினார்கள். பிறகு உள்ளே வந்தார்கள். பின்னாளில் மேல்மாடியில் வாசகசாலையும் வந்தது. இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானது நம் காஞ்சிபுரத்தில். சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவு பண்டகசாலை தோன்றியதும் அதே ஆண்டுதான். இவற்றைத் தொடங்கியவர்கள் அங்கத்தினர்கள் நடமாடும் இடத்தைத் தேடிப் போனார்கள்.

இனி வரும் பொதுப்பேரவைக் கூட்டத்தில் கட்டட நிதி பற்றிய தீர்மானம் வருமாயின், அதனை நிறைவேற்றுமுன் ஒரு சோதனை செய்து பார்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். ஊராட்சியின் அனுமதி பெற்று, ஆறு மாத காலம், சன்னிதித் தெருவில் மாலை வேளையில் மட்டும் வாகனத்தை நிறுத்திவைத்து, நெசவாளர் சங்கமும் பால் சங்கமும் பக்கத்துப் பக்கமாய் ஒரு பந்தலில் கடை போடட்டும். காய்கறி கொண்டுவரும் உழவர்க்கும் இடம் விடட்டும். விற்பனைப் பதிவேட்டில் ‘நடந்து வந்து வாங்கியோர்’ என்று ஒரு பத்தியைச் சேர்த்து நாள்தோறும் எழுதி வரவேண்டும். அடுத்த ஆய்வுக்கு வரும்போது நாம் முதலில் கேட்கப்போவது அந்தப் பதிவேட்டைத்தான்.